27 நாள் பயிர், அடியில் நிறையச் சிலந்தி: மருந்து அடிக்கவா, விடவா?

வெல்லாவெளி மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வயல் மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம், 3 ஏக்கர். அப்பா 40 வருஷமாகச் செய்த வேளாண்மை. போன வருஷம் அவருக்குக் கால் ஏலாமல் போனதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் சனி, ஞாயிறுதான் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போக முடியும். மற்ற நாட்களில் வயல் காவலுக்கு வைத்திருக்கிற முல்லைக்காரர் பார்த்துக்கொள்வார். பிஜி 94-1 நெல் விதைத்து இன்றைக்கு 27 நாள்.

சனிக்கிழமை வரம்பில் குந்தியிருந்து பயிரை விலக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டடியில், மண்ணிறச் சிலந்திகள் ஓடித் திரிகின்றன. ஒரு பிடி பயிரை விலக்கினால் ஒன்று, சில இடத்தில் இரண்டு. ஒன்றின் முதுகு முழுக்கக் கடுகு தூவின மாதிரிக் குஞ்சுகள். இதற்கு முன் நான் இப்படிக் கிட்டப்போய்ப் பார்த்ததே இல்லை. பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

பிரச்சினை இதுதான். சில இலைகள் நீளவாக்கில் சுருண்டு, உள்ளே பச்சைப் புழு இருக்கிறது. முல்லைக்காரர் உடனே மருந்து அடிக்கச் சொல்கிறார். பக்கத்து வயல்காரர் ஏற்கனவே இரண்டு தரம் அடித்துவிட்டார். "எல்லாரும் அடித்தால் பூச்சி உங்கட வயலுக்குத்தான் வரும் டீச்சர்" என்கிறார். கடைக்காரர் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார். அப்பா மட்டும் கட்டிலில் படுத்தபடி ஒரே வார்த்தை சொல்கிறார்: "சிலந்தி கிடக்கிற வயலுக்கு அடிக்காதே." ஏன் என்று கேட்டால், "அது காவல் மகள்." அதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை.

அப்பாவை நம்பத்தான் விருப்பம். ஆனால் என் காப்பு அடகில் இருக்கிறது, விருப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க ஏலாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சம்மாந்துறை விவசாயி எழுதியது:

தங்கச்சி, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பெரும்போகத்தில் (மாரிப் போகம்) என் வயலில் அறக்கொட்டி விழுந்தது, அதுதான் தண்டில் சாறு உறிஞ்சுகிற கபிலத் தத்தி. வியாழன் பின்னேரம் வயல் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள் வட்டம். ஞாயிறு காலையில் போனால் அரை ஏக்கர் நெருப்பு வைத்த மாதிரிக் கருகிக் கிடந்தது. அடுத்த கிழமை இரண்டு ஏக்கர். வெட்டுக்கு மெசின் இறக்கவே இல்லை. மனைவி வரம்பில் நின்று அழுதது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. சிலந்தியை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் (களுவாஞ்சிக்குடி) எழுதியது:

மகள், உங்கட அப்பா சொன்னது சரி. அவர் சொல்லாமல் விட்ட காரணத்தை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

நீங்கள் பார்த்தது ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னாது, ஓடிப் பிடித்துத் தின்னும். தண்ணீர் மேலேயும் ஓடும். அது காவல் நிற்கிற இடமும் அறக்கொட்டி உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற இடமும் ஒன்றுதான், தண்டின் அடி. ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 வரை அறக்கொட்டி தின்னும் என்று நெல் ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்னும் உற்றுப் பார்த்தால், பச்சை உடம்பும் தோளில் கறுப்பும் உள்ள ஒரு மெல்லிய பூச்சி தென்படும். அதையும் பீடை என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். அறக்கொட்டியின் முட்டையில் ஊசியைக் குத்தி உறிஞ்சிக் குடிப்பது அதுதான், நாளைக்கு 7 முதல் 10 முட்டை வரை.

இப்போது மருந்து அடித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அறக்கொட்டி தன் முட்டையை இலை மடலுக்குள் கீறி வைக்கும். மருந்து அந்த முட்டைக்குள் போகாது. வெளியே ஓடித் திரிகிற சிலந்தியும் பச்சைப் பூச்சியும் அன்றைக்கே செத்துப்போகும். 7, 8 நாளில் முட்டை பொரித்து வெளியே வருகிற குஞ்சுகளுக்கு எதிரி யாரும் இல்லை. ஒரு தாய் சில நூறு முட்டை இடும், நாலு கிழமைக்குள் அடுத்த தலைமுறை. அடித்த வயலில்தான் பிறகு பெருவாரியாக வருகிறது என்பதை இந்தோனேசியா பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1986இல் அந்த நாட்டு ஜனாதிபதி நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிநாசினிகளை ஒரே கட்டளையில் தடை செய்தார்.

சரி, இதுவரை பலரும் கேட்டிருப்பீர்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. அறக்கொட்டி இன்னும் வராத 27 நாள் பயிரில் இவ்வளவு சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஜாவாத் தீவு வயல்களில் செய்த ஒரு ஆய்வில் கிடைத்தது, 1996இல் வெளிவந்தது. போன போகத்து வைக்கோல், மாட்டெரு, செத்த களை எல்லாம் தண்ணீரில் ஊறி அழுகும்போது அதைத் தின்ன நுண்ணுயிர்களும் சின்னப் புழுக்களும் பெருகும். அதிலிருந்து கொசு மாதிரி இருந்தாலும் கடிக்காத சிறு ஈக்கள் ஆயிரக்கணக்கில் எழும்பும். பயிருக்கு அவற்றால் ஒரு கெடுதியும் இல்லை. முதல் மாதம் சிலந்திக்குச் சாப்பாடு அவைதான். அதைத் தின்றே சிலந்தி குஞ்சு பொரித்துப் படையைப் பெருக்கி வைக்கிறது, பிறகு அறக்கொட்டி பறந்து வந்து இறங்குகிறபோது காவல் தயாராக நிற்கிறது. 20ஆம் நாள் ஒரே ஒரு தரம் மருந்து அடித்தாலும் சிலந்தியோடு அந்த ஈயும் போகும். சிலந்தி திரும்பி வந்தாலும் தின்ன ஒன்றும் இல்லாமல் நிற்கும். உங்கள் அப்பா வைக்கோலைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பி விடுகிறவரா? கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் அந்தச் சிலந்திகளை வளர்த்தது அவர்தான்.

சுருண்ட இலைக்குப் பயப்பட வேண்டாம். இந்த வயதில் பயிர் கிளை வெடிக்கிற காலம், இழந்த இலையை ஈடு செய்துவிடும். வியட்நாமில் மீகொங் ஆற்றுப் பக்கத்து விவசாயிகளிடம், முதல் 40 நாள் வயலின் ஒரு பகுதிக்கு மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள் என்று சொன்னார்கள். விளைச்சல் குறையவில்லை என்பதைக் கண்ணால் கண்ட பிறகு அவர்கள் மருந்து அடிப்பதைப் பாதியாகக் குறைத்தார்கள்.

சம்மாந்துறைத் தம்பிக்கு: உங்கள் இழப்பு எனக்கு விளங்குகிறது. இரண்டு கேள்வி மட்டும். அந்தப் போகத்தில் 40 நாளுக்கு முன் எத்தனை தரம் அடித்தீர்கள்? யூரியா ஏக்கருக்கு எவ்வளவு போட்டீர்கள்?

இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று நானே யோசிப்பதுண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 15ஆம் நாள் ஒன்று, 30ஆம் நாள் ஒன்று என்று கலண்டர் பார்த்து அடிக்கச் சொல்லி வட்டை வட்டையாகத் திரிந்தவன் நான். தொண்ணூறுகளில் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் சிலந்தியையும் அறக்கொட்டியையும் விட்டு, இரவு முழுக்க இருந்து பார்க்கச் சொன்னார்கள். விடியும்போது போத்தலில் சிலந்தி மட்டும் இருந்தது. என் பேச்சைக் கேட்டு அடித்த எத்தனை பேர் வயல் கருகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

சம்மாந்துறை விவசாயி எழுதியது:

ஐயா, 18ஆம் நாள் பனிப்பூச்சிக்கு (இலைப்பேன்) அடித்தேன். 30இல் இலைசுருட்டிக்கு. யூரியா சிபாரிசுக்கு மேலே ஒரு அந்தர் (50 கிலோ) கூடப் போட்டேன், பயிர் கறுத்து நல்லாக நின்றது. நீங்கள் கேட்டபிறகுதான் இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம் என்று தெரிகிறது. அந்த நேரத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை.

வந்தாறுமூலை மாணவி எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு கணக்குச் சேர்க்கிறேன். குருநாகல் பத்தலகொட வயல்களில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணி 2004இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளாக மட்டும் 405 வகை. அதில் நெல்லுக்குப் பீடை 55 வகைதான். அந்தப் பீடைகளைத் தின்கிற, அல்லது அவற்றின் உடம்பில் முட்டையிட்டுக் கொல்கிற வகை 200. மீதி எல்லாம் நம் பயிரோடு சண்டை இல்லாதவை. முதல் தரம் படித்தபோது நான் கணக்கைப் பிழையாகப் பார்க்கிறேனோ என்று திரும்பப் பார்த்தேன். வயலைக் காடு மாதிரிப் பாதுகாக்க வேண்டிய இடமாக யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. குமணை, லாகுகலை வனப் பூங்காக்களுக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வட்டைக்கு ஒருநாளும் போகவில்லை.

குருமண்வெளித் தோணி எழுதியது:

நான் வயல்காரன் இல்லை, மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவன். ஆனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைத் தண்ணீர் எல்லாம் வடிந்து வருவது வாவிக்குத்தான். மருந்து பூச்சியைக் கொல்லும் என்றால் இறால் குஞ்சையும் நண்டுக் குஞ்சையும் கொல்லும், அவையும் அந்தச் சாதிதானே. மாரியில் வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் வெட்டுப்படும்போது கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே ஏறி வந்து கண்டல் வேர்களுக்குள் ஒதுங்கி வளர்கிறது. அதே கிழமைகளில்தான் நீங்கள் வயலுக்கு அடிக்கிறீர்கள், மழை அதைக் கழுவிக் கொண்டுவருகிறது. டீச்சர், நீங்கள் அடிக்காமல் விட்டால் உங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டில் அடுப்பு எரியும்.

வெல்லாவெளி மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வைக்கோலைப் பரப்புவாராம், கொளுத்தவே மாட்டாராம். அவருடைய தகப்பனும் அப்படித்தானாம். ஐயாவின் போத்தல் கதையைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

அடிக்கவில்லை என்று முல்லைக்காரரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி. அறக்கொட்டித் தத்தி வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பதென்றால் எப்படி எண்ணுவது, எத்தனை வந்தால் பயப்பட வேண்டும்? மற்றது, வரம்பில் எள் நட்டால் நல்லது என்று எங்கோ பார்த்தேன், உண்மையா?

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் எழுதியது:

கிழமைக்கு ஒரு தரம், வயலுக்குக் குறுக்கே நடந்து 20 இடத்தில் ஒவ்வொரு பிடி பயிரை விலக்கி அடியைப் பாருங்கள். நுனியைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற எல்லை இது: சிலந்தி இல்லாத வயலில் ஒரு தண்டுக்கு ஒரு தத்தி வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சிலந்தி இருக்கிற வயல் இரண்டு மடங்கு தாங்கும் என்பதுதான் இதன் பொருள்.

தத்தி கூடினால் முதலில் மருந்தைத் தேடாதீர்கள். வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகிற வாயை) வெட்டி மூன்று நாலு நாள் தண்ணீரை வடித்து விடுங்கள், தத்தி பெருகத் தண்டடியில் ஈரம் வேண்டும். மேலுரம் ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள்.

எள் உண்மைதான். தத்தி முட்டைக்குள் முட்டையிடுகிற ஒரு குளவி இருக்கிறது, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்குத் தேன் வேண்டும், எள்ளுப் பூ கொடுக்கும். ஆனால் மாரி மழையில் நம் வரம்பில் எள் அழுகிப்போகும், சிறுபோகத்தில் நடுங்கள். இப்போதைக்கு வரம்பில் தானாகப் பூக்கிற பூண்டுகளை அப்படியே விடுங்கள். வரம்புக்குக் களைகொல்லி அடிக்கவே வேண்டாம்.

வெல்லாவெளி மகள் எழுதியது (19 நாள் கழித்து):

இன்றைக்கு 46 நாள். நடந்ததைச் சொல்கிறேன்.

சுருண்ட இலைகள் இப்போது தேடினால்தான் தெரியும். 38ஆம் நாள் வாய்க்கால் பக்கத்துத் தாழ்வான மூலையில் தத்தி கூடியிருந்தது, சில தண்டில் மூன்று. எனக்கு நித்திரை வரவில்லை. தண்ணீரை வடிக்கலாம் என்றால் விடாத மழை. மூன்றாம் நாள் மழை விட்டதும் முல்லைக்காரரும் நானுமாக வக்கடையை வெட்டினோம். இன்று அதே மூலையில் 20 இடம் பார்த்தேன். தத்தி இல்லாமல் போகவில்லை, தண்டுக்கு ஒன்றுக்குக் குறைவு. சிலந்தி அன்றைக்கு இருந்ததைவிடக் கூட. பச்சைப் பூச்சியையும் கண்டேன். முல்லைக்காரர் இப்போது அவரே பயிரை விலக்கி எண்ணுகிறார்.

ஆனால் பக்கத்து வயலில் இரண்டு மஞ்சள் வட்டம் விழுந்துவிட்டது. நேற்று அவர் வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் "என்ன செய்யலாம் டீச்சர்" என்று கேட்டார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. ஐயா, அந்த வயலைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? சிலந்தி இனி அங்கே வருமா?

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் எழுதியது:

வழி இருக்கிறது, ஆனால் நாளைக்கே செய்ய வேண்டும். தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். வட்டத்துக்கும் அதைச் சுற்றி நாலு அடிக்கும் மட்டும், அந்தப் பகுதிப் போதனாசிரியர் எழுதித் தருகிற மருந்தைத் தண்டடியில் படும்படி அடிக்கலாம். முழு வயலுக்கும் வேண்டாம். இனி யூரியா போடவே கூடாது.

சிலந்தி வரும். குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் பறந்து போகும், பெரியவை வரம்பு தாண்டி ஓடும். உங்கள் இருவருக்கும் பொதுவான வரம்பில் புல்லை வெட்டாமல் விடுங்கள், அவை நடக்கிற பாலம் அது.

வெள்ளிக்கிழமை காலை பட்டிருப்புப் பாலத்தால் வருகிறேன். அவரையும் வயலில் நிற்கச் சொல்லுங்கள். வெறும் போத்தல் ஒன்று எடுத்து வையுங்கள், மூடியில் ஓட்டை போட்டு.