பாதிப் பலகை, ஒரு மொட்டைப் பாறை: இது எந்த ஸ்டேஷன்?

வைகைக்கரை:
அப்பா 1986-ல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பிளாட்பாரத்துல சித்தப்பா, பின்னாடி ஒத்தை மொட்டைப் பாறை. ஊர்ப்பேர்ல பாதியை சித்தப்பா மறைச்சுட்டார், மீதி படத்தோட ஓரத்துல வெட்டுப்பட்டுருச்சு. கீழே கடல்மட்ட உயரம் மட்டும் மங்கலாத் தெரியுது: மூணு இலக்கம், முதல் எண் 2. கேட்கலாம்னா ரெண்டு பேரும் இப்ப இல்லை.

லென்ஸ்_மணி:
கூகுள் லென்ஸ்ல போட்டேன், ரெண்டே செகண்ட். நாமக்கல் கோட்டை. கேஸ் முடிஞ்சது.

பழைய_டிக்கெட்:
சேலம்–கரூர் பாதையே 2013-லதான் திறந்தாங்க. 1986-ல நாமக்கல்ல ஏதுங்க ரயில்? லென்ஸுக்கு மொட்டைப் பாறை எல்லாம் ஒண்ணுதான்.

லென்ஸ்_மணி:
சரி, அடுத்தது திருச்சி மலைக்கோட்டைன்னு காட்டுது.

பழைய_டிக்கெட்:
திருச்சி நூறு மீட்டருக்குள்ள. 2-ல ஆரம்பிக்கிற மூணு இலக்கம்னா திண்டுக்கல்.

லென்ஸ்_மணி:
அடிக்கணக்கா இருந்தா? 88 மீட்டர்னா 289 அடி. உங்க 2 இப்ப எங்க பக்கம் வந்துருச்சே அண்ணே!

பழைய_டிக்கெட்:
1986-ல அடியா? மீட்டருக்கு மாறி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

நிழல்கணக்கு:
பலகையை விடுங்க, சித்தப்பா நிழலைப் பாருங்க. ஆள் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு நீளம், நேரா மலைப் பக்கம் போகுது. திருச்சி ஜங்ஷன்ல நின்னா மலைக்கோட்டை வடக்கே. நம்ம ஊர்ல வடக்கே பார்த்து நிழல் அவ்வளவு நீளாது. மார்கழி உச்சிவெயில்லகூட ஆள் உயரத்துல முக்கால்வாசியைத் தாண்டாது. சூரியன் நிக்கிற திசையும் நிழல் நீளமும் காட்டுற சன்கால்க் தளத்துல தேதியை நகர்த்தி நீங்களே பாருங்க. திண்டுக்கல்ல மலை ஸ்டேஷனுக்கு மேற்கே. காலை எட்டு மணி வெயில்னா நிழல் அங்கேதான் விழும்.

லென்ஸ்_மணி:
ஜங்ஷனையே பிடிச்சுத் தொங்குறீங்க. திருச்சி கோட்டை ஸ்டேஷன்? அங்கே மலை கிழக்கே. சாயங்காலம் எடுத்த படம்னா?

நிழல்கணக்கு:
அதை நான் யோசிக்கலை, ஒத்துக்கறேன். நிழல் மட்டும் பத்தாது. கூகுள் எர்த்ல ரெண்டு ஸ்டேஷன்லயும் தரைமட்டத்துக்கு இறங்கிப் பார்த்தேன். சின்னப் பாறைங்க அதுல மழுங்கித்தான் வருது. அதனால ஜனங்க ஏத்தி வச்ச படங்களையும் ஒப்பிட்டேன். திருச்சியில உச்சிப்பிள்ளையார் கோயில் தலையில குல்லா வச்ச மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். திண்டுக்கல் பாறை நீளவாட்டுல, சாய்ஞ்சு உட்கார திண்டு போட்ட மாதிரி. இந்தப் படத்துல குல்லா எதுவும் இல்லை.

லென்ஸ்_மணி:
படமே மங்கல். குல்லா மங்கினதா, இல்லவே இல்லையான்னு எப்படிச் சொல்வீங்க?

வைகைக்கரை:
1200 டிபிஐ-ல மறுபடி ஸ்கேன் பண்ணினேன். எண்ணை அடுத்து, சித்தப்பா முழங்கையை ஒட்டி, ஆங்கில 'எம்' பாதி தெரியுது. மீட்டர்!

லென்ஸ்_மணி:
கடல்மட்டத்தைக் குறிக்கிற எம்.எஸ்.எல்.லோட எம்மா இருந்தா?

பழைய_டிக்கெட்:
இவரை விடுங்க. வைகைக்கரை, நெகட்டிவ் இருக்கா? அந்தக் கால ஸ்டுடியோவுல பிரின்ட் போடும்போது ஓரத்தைக் கொஞ்சம் தின்னுடுவாங்க. பேர்ல ஒரு எழுத்தாவது மிச்சம் இருக்கும்.

வைகைக்கரை:
அம்மாவோட டிரங்குப் பெட்டியில கிடக்கலாம். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன்.