பழைய காரில் இன்ஜெக்டர் அடைப்பு: உங்கள் அனுபவம் என்ன?

பழைய இரும்பு (ஈசூன்)

என் கார் 2009இல் சிங்கப்பூரில் பதிவானது. 1.6 லிட்டர், ஜப்பானியத் தயாரிப்பு. வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சாலை வரியில் 50 சதவீதம் கூடுதல் கட்டணம், ஆண்டுதோறும் பரிசோதனை என்று அரசாங்கம் சொல்லாமல் சொல்வது புரிகிறது. ஆனாலும் இன்றைய சிஓஇ விலையில் புதுக் கார் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

சில வாரங்களாகக் காலையில் இன்ஜினை முடுக்கினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது சுற்றுமானியின் முள் ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கிறது. புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏற்றத்தில் மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பட்டறையில் பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜெக்டர் போய்விட்டது, நான்கையும் புதிதாக மாற்றுங்கள்" என்றார்கள். சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சாதனங்கள்தான் இன்ஜெக்டர்கள். எந்தக் கருவியையும் மாட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன தொகைக்கு ஊருக்குக் குடும்பத்தோடு விமான டிக்கெட் எடுத்துவிடலாம்.

உண்மையிலேயே இந்தத் தொல்லையை அனுபவித்துத் தீர்த்தவர்கள் சொல்லுங்கள். டப்பாவில் விற்கும் மருந்துகளுக்கு விளம்பரம் வேண்டாம்.

செங்காங் அக்கா

தம்பி, எனக்கு இதே கதைதான் நடந்தது. என் ஓட்டம் எல்லாம் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சந்தைக்குப் போவது, மறுபடி பள்ளி, பிறகு துணைப்பாட வகுப்பு. எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. வண்டி அதிகம் ஓடவில்லையே, எப்படிக் கெடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்காரர் இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். பழைய சீன நாளிதழ் ஒன்றை விரித்து, எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே அடுக்கினார். மூன்று பிளக்குகளின் முனையில் கரி படிந்திருந்தது. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் வெளுத்து, சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. "இது பட்டினி கிடக்கிறது, மற்ற மூன்றும் அளவுக்கு மீறிச் சாப்பிடுகின்றன" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அடைத்திருப்பது ஒன்று என்றால் மற்ற மூன்றிலும் ஏன் கரி என்று கேட்டேன். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் நான்கு சிலிண்டரின் புகையையும் கலந்துதான் முகர்கிறதாம். ஒன்றில் பெட்ரோல் குறைந்தால் மொத்தப் புகையிலும் ஆக்சிஜன் மிஞ்சும். உடனே கணினி நான்குக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். அடைத்த இடத்துக்கு அப்போதும் போதாது, அடைக்காத இடத்தில் வீணாகும். என் வண்டி பெட்ரோலை ஏன் அப்படிக் குடித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நான்கையும் கழற்றி, சோதனை மேடையில் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் மாட்டி ஓடவிட்டார். மூன்று குழாய்களில் திரவம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. மீதி ஒன்றில், அந்த மூன்றாவது சிலிண்டருடையதில், விரல்கடை அளவு குறைவு. அதைவிட, பீய்ச்சும் விதம்தான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது: மற்றவை பனிப்புகைபோல் விரிய, அது ஒரே கம்பியாக ஒழுகியது. மீயொலித் தொட்டியில் போட்டு எடுத்த பிறகு நான்கும் சமமாக வந்தன. புதிதாக மாற்றியது ரப்பர் வளையங்களும் உள்ளே இருக்கும் குட்டி வடிகட்டிகளும் மட்டும்தான். நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் அந்தக் குழாய்களை உங்கள் கண்ணால் பாருங்கள். காட்டமாட்டேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஸ்பானர் தாத்தா (ஓய்வுபெற்ற மெக்கானிக்)

அம்மா சொன்ன பட்டறைக்காரர் தொழில் தெரிந்தவர். அந்தப் பள்ளி, சந்தை ஓட்டம்தான் காரணம் என்பதை மட்டும் விளக்கிவிடுகிறேன்.

இன்ஜின் ஓடும்போது பாய்கிற பெட்ரோலே இன்ஜெக்டரின் முனையைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அது நின்றுவிடும், ஆனால் இன்ஜினின் சூடு முனைக்கு ஏறும். முனையில் ஒட்டிய துளியில் இலேசான பகுதி ஆவியாகிவிட, கனமான பகுதி அங்கேயே காய்ந்து வார்னிஷ் மாதிரிப் படியும். ஒவ்வொரு முறை சூட்டோடு நிறுத்தும்போதும் ஒரு பூச்சு. துவாஸிலிருந்து சாங்கிக்கு ஒரே மூச்சில் போய்வருகிற வண்டிக்கு நாளில் இரண்டு பூச்சு என்றால், பேட்டைக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு ஏழெட்டு. முனையின் துளைகள் மிகச் சிறியவை. அடைக்க நிறைய அழுக்கு தேவையில்லை.

ஈசூன் தம்பி, விளக்கு எரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். நான்கில் ஒன்று 20 சதவீதம் குறைவாகப் பாய்ச்சினாலும் சராசரியில் தெரிவது 5 சதவீதம்தான். அதற்கெல்லாம் கணினி விளக்கை எரிக்காது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை இரவல் வாங்கி, ஃபியூல் டிரிம் எண்களைப் படியுங்கள். கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு வரும். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடவிட்டு ஒருமுறை, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து ஒருமுறை. ஐட்லிங்கில் கூடுதலாக இருந்து சுற்று ஏறியதும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. இன்ஜெக்டர் மேல் பழி போடாதீர்கள். சுற்று ஏறியும் இறங்காமல் இருந்தாலோ இன்னும் கூடினாலோதான் பெட்ரோல் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பம்பு, வடிகட்டி, காற்று அளக்கும் சென்சார் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜெக்டருக்கு வர வேண்டும்.

ஒன்று, நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். இந்தச் சோதனையைப் புளோக்கின் கீழே நின்று செய்யாமல் பட்டறையிலேயே செய்யுங்கள்.

இரவுப்பணி

என் கதை எதிர்மாறானது. இதே நடுக்கம். யார் பேச்சையோ கேட்டு என் தம்பி சுத்திகரிப்பு மருந்தை டப்பா டப்பாவாக ஊற்றினான். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால், பிளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயில்.

கண்டுபிடித்த வழி எளியது, காசு செலவில்லை. கருவி முதல் சிலிண்டரில் எரியவில்லை என்று காட்டியது, பி0301. இன்ஜினை நிறுத்தி, முதல் காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டினோம். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினோம். மறுபடி வந்தது பி0303. தவறு காயிலோடு சேர்ந்தே நகர்ந்துவிட்டது அல்லவா, அவ்வளவுதான் விசாரணை. அது முதல் சிலிண்டரிலேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர் என்று போயிருப்போம்.

ஆடுவதெல்லாம் இன்ஜெக்டர் என்று சொல்கிற பட்டறைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நடுக்கத்துக்குப் பத்துக் காரணம் இருக்கும். அதில் விலை கூடிய ஒன்றே அவர்கள் கண்ணில் முதலில் படுகிறது.

கடற்பாலம் கடந்தவன்

மலேசியாவின் ஜோகூர் பாருவில் போடும் பெட்ரோல்தான் இதற்கெல்லாம் காரணம் என்று என் அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஸ்பானர் தாத்தா

முக்கால் டாங்க் நிரப்பாமல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. அங்கே போய் நிரப்புவது மிச்சமுள்ள கொஞ்சம்தான். அதுவும் சிங்கப்பூர் வண்டிக்கு மானிய விலை 95 ஆக்டேன் பெட்ரோல் கிடையாது, 97தான். அந்தக் கொஞ்சம் பெட்ரோல் இன்ஜெக்டரை அடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. உங்கள் நண்பரிடம் அவர் கடைசியாகக் காற்று வடிகட்டியை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள்.

98 போட்டால் சுத்தமாகும் என்பதும் கட்டுக்கதை. ஆக்டேன் எண் என்பது இடிக்காமல் எரியும் தாங்குதிறனைச் சொல்வது. சுத்தம் செய்வது கலந்திருக்கும் சுத்திகரிப்பான். அது எதில் எவ்வளவு இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

துவாஸ் லாரி

டீசல்காரன் ஒரு வரி. எங்களுக்கு முனை அடைப்பதைவிட இன்ஜெக்டர் உள்ளுக்குள் தேய்ந்து, டீசல் திரும்புகுழாய் வழியாக வழிவதுதான் பெரிய தொல்லை. நான்கு திரும்புகுழாயிலும் நான்கு போத்தலைக் கட்டி இன்ஜினை ஓடவிட்டால், எந்தப் போத்தல் முதலில் நிரம்புகிறதோ அதுதான் திருடன்.

பழைய இரும்பு

தாத்தா சொன்னபடி இன்னொரு பட்டறையில் எண்களைப் பார்த்தோம். ஐட்லிங்கில் கூட்டல் 6. 2,500 சுற்றில் கூட்டல் 9. ரப்பர் குழாய்கள் நன்றாக இருந்தன. காயிலை இடம் மாற்றியும் தவறு அதோடு நகரவில்லை. பெட்ரோல் அழுத்தம் சரியாக இருந்தது. பிளக்கைக் கழற்றினால், அக்கா சொன்ன அதே வெள்ளை, இரண்டாவது சிலிண்டரில்.

நான்கையும் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றினார்கள். 50, 41, 51, 50 மில்லிலிட்டர். தொட்டியில் போட்டு எடுத்த பிறகு இரண்டாவது 49க்கு வந்துவிட்டது. அழுத்தம் கொடுத்து, திறக்காமல் வைத்துச் சொட்டுகிறதா என்றும் பார்த்தார்கள், சொட்டவில்லை. முதல் பட்டறை கேட்டதில் ஒரு சிறு பங்குதான் செலவு. முள் இப்போது ஆடவில்லை. ஏற்றத்தில் அந்த யோசனையும் இல்லை.

ஓ-ரிங்கை மாட்டும்போது மெக்கானிக் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவித்தான் உள்ளே தள்ளினார். உலர்ந்த ரப்பரைத் தள்ளினால் விளிம்பு சீவிக்கொண்டு அங்கேயே பெட்ரோல் கசியுமாம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொங்கோல் புதியவன்

நல்ல வேளை, இதைப் படித்தேன். என்னுடையது 2014 ஐரோப்பிய வண்டி, நேரடி இன்ஜெக்ஷன், டர்போ. அதே காலை நடுக்கம். நானும் கழற்றித் தொட்டியில் போடச் சொல்லலாமா? அல்லது முதலில் மருந்து ஊற்றிப் பார்க்கட்டுமா?

ஸ்பானர் தாத்தா

உங்கள் வண்டிக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது தம்பி. ஈசூன் தம்பியின் வண்டியில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். அழுத்தம் 3 பார் அளவுதான். உங்களுடையதில் 100 பாருக்கு மேல் போகும், நேராக சிலிண்டருக்குள் பாயும். வால்வின் முதுகைப் பெட்ரோல் நனைப்பதே இல்லை. இன்ஜினின் எண்ணெய் ஆவி அங்கே படிந்து கரிக்கட்டியாகிவிடும். டாங்கில் என்ன மருந்தை ஊற்றினாலும் அது வால்வைத் தொடாது. காலை நடுக்கத்துக்கு உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் அந்தக் கரிமேல்தான். உள்ளிழுப்புக் குழாயைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி உரிப்பார்கள். சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் கழற்றுவதற்கு முன்பே தெரியும்.

மருந்து ஊற்றுவதென்றால் பாலியீதர் அமீன் என்ற சுத்திகரிப்பான் கலந்ததாகப் பாருங்கள். முனையில் படிந்ததைக் கொஞ்சம் கரைக்கும். ஆயில் மாற்றும் நேரம் நெருங்கும்போது ஊற்றுங்கள், ஏனென்றால் அதில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கும். டப்பாவில் போட்ட அளவை மீறாதீர்கள்.

இன்ஜெக்டரையே கழற்ற வேண்டிவந்தால், அதன் டெஃப்லான் வளையத்தை மாட்டத் தனிக் கருவி வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அந்த உயர் அழுத்தக் குழாயில் வீட்டில் ஸ்பானரை வைக்கவே வேண்டாம். கசியும் பீற்று தோலைத் துளைத்துவிடும். கேமரா வைத்திருக்கும் ஆள் ஒருவர் அங் மோ கியோவில் இருக்கிறார், எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டம்.