தினமும் ஏறுற இந்த கொரோனா நம்பரை எப்படி பார்க்குறது? சென்னைய விட்டு கிளம்பிடலாமா?

வண்ணை மீனா
17 ஜூன் 2020, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டை. ராயபுரம் மண்டலம், தினமும் மாநகராட்சி விடுற பதினஞ்சு மண்டல லிஸ்ட்ல முதல்ல நிக்குதே அதே மண்டலம் தான். வீட்ல நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, எங்க அப்பா. அப்பாவுக்கு 68 வயசு, இருபது வருஷமா சுகர், பிரஷர் மாத்திரையும் போடுறாரு.

சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும் கை தானா டிவி ரிமோட்ட தேடுது. மே 31ந்தேதி தமிழ்நாட்டுல முதல் தடவையா ஒரே நாள்ல ஆயிரத்த தாண்டி 1,149 வந்தப்பவே எனக்கு சோறு இறங்கல, அன்னிக்கு மொத்தம் 22,333. இன்னிக்கு ஒரு நாள் கணக்கு 2,174, மொத்தம் 50,193, இன்னிக்கு இறந்தவங்க மட்டும் 48 பேர். பதினேழு நாள்ல இவ்ளோவா? நேத்து 1,515னு குறைஞ்சப்ப சரி இறங்குது போலன்னு மனச தேத்திக்கிட்டேன், இன்னிக்கு பார்த்தா ஒரேடியா தூக்கிடுச்சு.

எங்க வீட்லேர்ந்து நாலாவது வீட்ல ஒருத்தருக்கு வந்துடுச்சுன்னு வாசல தகரம் அடிச்சு அடைச்சிருக்காங்க. தெருமுனைல இஸ்திரி போடுறவர ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு போய் ஒரு வாரம் ஆச்சு, எப்படி இருக்காருன்னு யாருக்கும் தெரியல. போன வாரம் எம்.எல்.ஏ. ஜெ.அன்பழகன் கொரோனால இறந்து போனதுலேர்ந்து அப்பா சரியா பேசறதே இல்ல, அவ்ளோ வசதி இருக்கவருக்கே இப்படின்னா நம்ம கதி என்னன்னு ஒரு தடவ கேட்டாரு, அதோட சரி.

நாளான்னிக்கு 19ந்தேதிலேர்ந்து மறுபடி முழு ஊரடங்கு. மாமியார் வீடு மதுரை திருப்பரங்குன்றம் பக்கம், உடனே கிளம்பி வாங்கன்னு தினமும் போன். கீழ் வீட்டுக்காரங்க நேத்து ராத்திரி கிளம்பிட்டாங்க, பரனூர் டோல்கேட்ல வண்டி நகரவே இல்லன்னு போட்டோ அனுப்புனாங்க. நாங்களும் வெளியூர் போற அனுமதிக்கு இ-பாஸ் போட்டு போயிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. எனக்கு ஒண்ணும் ஓடல. டெஸ்ட் நிறைய எடுக்குறதால தான் நம்பர் ஏறுதுன்னு சிலர் சொல்றாங்க, உண்மை நம்பர் இதவிட அதிகம், மறைக்குறாங்கன்னு சிலர் சொல்றாங்க. எத நம்புறது? அப்பாவ வெச்சுக்கிட்டு இங்கயே இருக்கலாமா, போறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள
17 ஜூன் 2020, இரவு 10.25

சிஸ்டர், முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க பயப்படுறதுல எந்த தப்பும் இல்ல. மே 31க்கு 22,333, இன்னிக்கு 50,193, அதாவது பதினேழு நாள்ல ரெண்டேகால் மடங்கு. போட்டு பார்த்தா கிட்டத்தட்ட பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகுது. இது டெஸ்ட் கூட்டினதால மட்டும் வந்த ஏற்றம் இல்ல, நிஜமாவே பரவுது.

ஆனா ஒரு நாள் நம்பர மட்டும் பிடிச்சு வெச்சுக்கிட்டு பார்க்காதீங்க. திங்கக்கிழமை 1,843, நேத்து 1,515, இன்னிக்கு 2,174. ஒரே நாள்ல வியாதி குறைஞ்சு மறுநாள் பொங்கறதில்ல. லேப்ல எத்தன சாம்பிள் முடிஞ்சுது, எந்த லேப் எப்ப ரிசல்ட் ஏத்துச்சு, இத பொறுத்து ஆடும். ஏழு நாள் நம்பர கூட்டி ஏழால வகுத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க, அது ஏறுதா இறங்குதான்னு பாருங்க, நான் அப்படித்தான் பண்றேன்.

டெஸ்ட் விஷயம் இப்படி: ஆயிரம் பேருக்கு பார்த்து 80 பேருக்கு வந்துச்சுன்னு வைங்க. மறுநாள் ரெண்டாயிரம் பேருக்கு பார்த்து 160 வந்தா நம்பர் டபுள், ஆனா நூத்துக்கு எட்டுங்கிறது மாறல. அதே ரெண்டாயிரத்துல 250 வந்தா அப்ப தான் நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம். அதனால அறிக்கைல பாசிட்டிவ் எத்தனன்னு பார்க்குறப்போ பக்கத்துலயே டெஸ்ட் எத்தனன்னும் பாருங்க, டிவில கீழ ஓடுற சிவப்பு பட்டைல அத காட்ட மாட்டாங்க.

இன்னொண்ணு, இன்னிக்கு லிஸ்ட்ல வந்த 2,174 பேரும் இன்னிக்கு ஒட்டிக்கிட்டவங்க இல்ல. கிருமி உள்ள போய் காய்ச்சல் தெரியவே அஞ்சாறு நாள், அப்புறம் சாதா காய்ச்சல்னு ரெண்டு நாள் மாத்திரை போட்டு பார்ப்பாங்க, அப்புறம் டெஸ்ட், ரிசல்ட்டுக்கு ஒண்ணு ரெண்டு நாள். அப்போ நீங்க இன்னிக்கு பார்க்குறது ஜூன் முதல் வாரத்துல நடந்தத. 19ந்தேதிலேர்ந்து அடைச்சாலும் பலன் தெரிய ஜூலை ஆயிடும், அதுவரைக்கும் நம்பர் ஏறத்தான் செய்யும், அத பார்த்து இன்னும் கலங்காதீங்க. அந்த 50,193ல பாதிக்கு மேல குணமாகி வீட்டுக்கு போனவங்க, அதையும் மனசுல வைங்க.

மறைக்குறாங்களான்னு கேட்டீங்க. பாசிட்டிவ் கணக்க விட இறப்பு கணக்குல தான் எனக்கு சந்தேகம். மாநகராட்சி பதிவேட்டுல இருக்குற இறப்புக்கும் மாநில அறிக்கைல வர்றதுக்கும் இருநூறுக்கு மேல வித்தியாசம்னு போன வாரம் செய்தி வந்துச்சு, கமிட்டி போட்டிருக்காங்க. அது என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். செத்தவங்கள சரியா எண்ணலன்னா அடுத்த மாசம் எத்தன படுக்கை வேணும்னு எவன் கணக்கு போடுவான், இது சும்மா விடுற விஷயமே இல்ல.

ஊர்க்குருவி
17 ஜூன் 2020, இரவு 11.05

அக்கா நான் பண்ருட்டி பக்கம் கிராமம். கிளம்பாதீங்க. உங்க மேல வெறுப்புல சொல்லல, நாங்க பட்டத சொல்றேன். மே முதல் வாரம் கோயம்பேடு மார்க்கெட்ட மூடினாங்கல்ல, அங்க மூட்டை தூக்குனவங்க, கடைல வேலை பார்த்தவங்க எல்லாம் லாரி புடிச்சு ஊருக்கு வந்துட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, வேலையும் இல்ல தங்க இடமும் இல்ல, வேற எங்க போவாங்க. ஆனா அதுக்கப்புறம் தான் கடலூர், விழுப்புரம், அரியலூர்னு அதுவரைக்கும் சும்மா இருந்த மாவட்டமெல்லாம் திடுதிப்புன்னு ஏறுச்சு.

எங்க தெருவுல வந்த பையனுக்கு ஒரு தும்மல் கூட இல்ல, நல்லா தான் இருந்தான், ஆனா அவன் பாட்டிக்கு வந்துடுச்சு. பாட்டி பிழைச்சு வந்துட்டாங்க, ஆனா அந்த பையன் இன்னும் யார் மூஞ்சியும் பார்க்க மாட்டேங்குறான், என்னால தானேன்னு. ஊர்க்காரங்களும் சும்மா இல்ல, சென்னைலேர்ந்து வந்தவன்னா தண்ணி பிடிக்க விடல, கடைல பால் குடுக்கல, அது ரொம்ப தப்பு, ஆனா நடந்துச்சு. உங்க பசங்கள வெச்சுக்கிட்டு அந்த பேச்செல்லாம் கேக்கணுமா? இங்க ஒரே பாத்ரூம், ஒரே கூடம், உங்க மாமியாருக்கும் வயசாகியிருக்கும்ல. ராத்திரி மூச்சு திணறுனா கார் புடிச்சு டவுனுக்கு தான் ஓடணும். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம்.

வண்ணை மீனா
18 ஜூன் 2020, காலை 6.50

நன்றி தம்பி. அந்த பாட்டி பேரன் கதைய வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. எனக்கு என்ன ஆகுமோன்னு தான் ராத்திரி பூரா யோசிச்சேன், நாங்க அத்தைக்கு கொண்டு போய் குடுத்துடுவோமோன்னு ஒரு நிமிஷம் கூட தோணல பாருங்க. கணக்குப்புள்ள சார், நோட்டு போட்டாச்சு, பெரியவன் தான் எழுதுறான்.

எண்ணூர்க்காரி
18 ஜூன் 2020, காலை 8.15

நான் வேற மாதிரி சொல்றேன் மீனா. நோட்டையும் மூடி வை, டிவியையும் அணைச்சு வை. நம்பர பார்த்து பார்த்து என் தங்கச்சிக்கு நெஞ்சு படபடப்பு வந்து அதையே கொரோனான்னு நினைச்சு ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கு ஓடியாச்சு. நம்பர் எவ்ளோவா இருந்தாலும் நாம செய்ய வேண்டியது அதே தான், மாஸ்க் போடு, கைய கழுவு, வெளிய போகாத. அதுக்கு எதுக்கு தினமும் கணக்கு?

கணக்குப்புள்ள
18 ஜூன் 2020, காலை 9.30

அக்கா சொல்றதுல பாதிய ஒத்துக்குறேன், நாள் பூரா டிவி ஓடவிடுறது விஷம் தான். ஆனா நம்பரே வேணாம்னா எப்ப வீட்ல அடங்கி இருக்கணும், எப்ப கொஞ்சம் வெளிய போகலாம்னு எத வெச்சு முடிவு பண்றது? மே மாசம் டாஸ்மாக் திறந்தப்போ ஜனம் முண்டியடிச்சுதே, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சு தானே. ஒரு தடவ பாருங்க, எழுதுங்க, அணைச்சிடுங்க.

சாம்பிள் பாய்
18 ஜூன் 2020, பகல் 1.20

வணக்கம்ங்க. சென்னைல ஒரு அரசு ஆஸ்பத்திரில சாம்பிள் எடுக்குற லேப் டெக்னீஷியன். டியூட்டி முடிஞ்சு தனியா ரூம்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

தினமும் என் முன்னாடி வாய திறந்து உக்கார்றவங்கள்ல நிறைய பேர் காய்ச்சல் வந்து ஆறாவது ஏழாவது நாள் தான் வர்றாங்க. கேட்டா வீட்டுக்கு தகரம் அடிச்சிடுவாங்கன்னு பயம், வேலைய விட்டு தூக்கிடுவாங்கன்னு பயம், எல்லாரையும் அள்ளிட்டு போயிடுவாங்கன்னு பயம். போன் நம்பர தப்பா குடுத்துட்டு போறாங்க, பாசிட்டிவ் வந்தா தேடிக்கிட்டு தெரு தெருவா அலையுறோம். நம்பர விட இது தான் எனக்கு தூக்கத்த கெடுக்குது. ஏன்னா இந்த வியாதில முதல் நாலஞ்சு நாள் சும்மா சளி காய்ச்சல் மாதிரி போகும், அஞ்சாம் நாள்லேர்ந்து பத்தாம் நாளுக்குள்ள தான் சிலருக்கு நுரையீரல்ல இறங்கும். வயசானவங்க, சுகர் இருக்கவங்கன்னா அந்த நாள்ல கண்ண மூடாம பார்க்கணும்.

மீனாக்கா, அப்பாவுக்காக ஒரே ஒரு பொருள் வாங்குங்க, பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல்ல மாட்டுறது, ரத்தத்துல ஆக்சிஜன் நூத்துக்கு எவ்ளோன்னு காட்டும். இப்ப விலை ஏத்தி விக்குறாங்க, ஆனாலும் வாங்குங்க, இல்லன்னா தெருவுல நாலு வீடு சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. 95க்கு மேல காட்டினா சரி. 94க்கு கீழ போச்சுன்னா மூச்சு நல்லா தானே விடுறாருன்னு உக்காந்திருக்காதீங்க, சில பேருக்கு ஆக்சிஜன் குறையுறது வெளிய தெரியவே தெரியாது, நல்லா பேசிக்கிட்டே வருவாங்க, மாட்டிப் பார்த்தா 85 இருக்கும். கையில மருதாணி, நகப்பாலிஷ் இல்லாம பாருங்க, விரல் ஜில்லுன்னு இருந்தா தேய்ச்சு சூடாக்கிட்டு பாருங்க. உக்காந்து ஒரு தடவ, வீட்டுக்குள்ளயே ஆறு நிமிஷம் நடந்துட்டு ஒரு தடவ. நடந்த பிறகு சட்டுன்னு இறங்குச்சுன்னா அதுவும் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய அறிகுறி தான்.

சுகர், பிரஷர் மாத்திரை ரெண்டு மாசத்துக்கு வாங்கி வைங்க, எந்த காரணத்துக்கும் நிறுத்த விடாதீங்க. உங்க வீட்ல வெளிய போறது யாரோ அவங்க அப்பாகிட்ட ஒட்டாம இருக்கணும். தனி ரூம் இல்லன்னா பரவாயில்ல, அவர ஜன்னல் பக்கம் படுக்க வைங்க, காத்து ஓடட்டும், தட்டு டம்ளர் தனியா. கபசுர குடிநீர் குடுக்குறீங்களா, குடுங்க, ஆனா அது இருக்கேன்னு டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க. காய்ச்சல் வந்தா மறுநாளே மாநகராட்சி காய்ச்சல் முகாம். வீடு வீடா கேட்டு வர்றாங்களே களப்பணியாளர்கள், அந்த பொண்ணுங்ககிட்ட பொய் சொல்லாதீங்க, அவங்களும் வெயில்ல தான் அலையுறாங்க. சந்தேகம்னா 104க்கு போன் பண்ணுங்க.

வண்ணை மீனா
22 ஜூலை 2020, இரவு 8.10

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க. நாங்க ஊருக்கு போகல. போகாம இருந்ததே நல்லது, ஜூன் 24ந்தேதிலேர்ந்து மதுரைலயும் அடைச்சுட்டாங்க, அங்கயும் கேஸ் மடமடன்னு ஏறுச்சு.

அப்பாவுக்கு வந்துச்சு. ஜூன் 28 காய்ச்சல், 29 காலைல முகாம், ஜூலை 1ந்தேதி பாசிட்டிவ்னு போன். எங்க நாலு பேருக்கும் எடுத்தாங்க, வீட்டுக்காரருக்கும் பாசிட்டிவ், ஆனா அவருக்கு வாசனை தெரியலங்கிறத தவிர ஒண்ணும் இல்ல. எப்படி உள்ள வந்துச்சுன்னு தெரியல, ரேஷன் கடை வரிசைல நின்னது நானு, அதையே நினைச்சு நினைச்சு அழுதேன். அப்பாவுக்கு முதல்ல 97, 96னு தான் காட்டுச்சு. ஆறாவது நாள் காலைல காபி குடிச்சுட்டு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு, பெரியவன் மாட்டிப் பார்த்துட்டு அம்மா 91னு கத்துனான். எனக்கொண்ணும் இல்ல, மெஷின் கோளாறுன்னாரு அப்பா. என் விரல்ல மாட்டினேன் 98, திரும்ப அவருக்கு 91. அடுத்த அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரில இருந்தோம். நாலு நாள் ஆக்சிஜன் வெச்சாங்க, பதினொண்ணாவது நாள் வீட்டுக்கு வந்துட்டாரு. மெலிஞ்சுட்டாரு, மாடி ஏறுனா இளைக்குது, ஆனா வந்துட்டாரு. சாம்பிள் பாய் தம்பி, நீங்க யாரு எவருன்னு தெரியாது, எங்க வீட்ல தினமும் உங்களுக்கு வேண்டிக்குறோம்.

இஸ்திரிக்காரர் வரல. ஜூன் கடைசிலயே இறந்துட்டாராம், அவங்க வீட்டுக்கே ரெண்டு நாள் கழிச்சு தான் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு அறிக்கைல விட்டுப்போன 444 இறப்ப சேர்த்திருக்காங்க, ஒரே நாள்ல 518, மொத்தம் 3,144. கணக்குப்புள்ள சார், நீங்க அன்னிக்கே சொன்னீங்க. அந்த 444ல அவர் இருக்காரா, முன்னயே எண்ணிட்டாங்களா, எப்படி தெரிஞ்சுக்குறது? அவர் சம்சாரம் கேக்குறாங்க.

கணக்குப்புள்ள
22 ஜூலை 2020, இரவு 9.00

அப்பா வந்துட்டாருன்னு படிச்சதும் தான் மூச்சே வந்துச்சு சிஸ்டர். அறிக்கைல தினமும் இறந்தவங்க பேர் இல்லாம வயசு, ஆணா பெண்ணா, எந்த ஆஸ்பத்திரி, என்னிக்கு சேர்த்தாங்க, என்னிக்கு இறந்தாங்கன்னு ஒவ்வொருத்தருக்கா வரும். அவர் வயசும் சேர்த்த தேதியும் அவங்க வீட்ல கேட்டு சொல்லுங்க, ஜூன் 20லேர்ந்து எல்லா அறிக்கையும் என்கிட்ட இருக்கு, நான் ஒவ்வொண்ணா தேடுறேன். எதுலயும் இல்லன்னா ஆஸ்பத்திரில குடுத்த இறப்புக் காரண சான்றிதழோட மாநகராட்சி மண்டல ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம்.

சென்னை ஏழு நாள் சராசரி இறங்குது. ஜூன் 30ல ஒரே நாள்ல 2,300ஐ தாண்டுச்சு, இன்னிக்கு கிட்டத்தட்ட அதுல பாதி. மாநிலம் பூரா இன்னும் ஏறிக்கிட்டு தான் இருக்கு, இன்னிக்கு மட்டும் 5,849.

வண்ணை மீனா
22 ஜூலை 2020, இரவு 9.35

நாளைக்கு காலைல அவங்க வீட்டுக்கு போய் தேதி கேட்டு எழுதுறேன் சார். ஆக்சிமீட்டர் இப்ப எங்களுக்கு தேவையில்ல, அப்பாவே அதுல பேட்டரி புதுசா மாத்தி வெச்சிருக்காரு. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் யாருக்காவது வேணும்னா தனி மெசேஜ் போடுங்க, பெரியவன் சைக்கிள்ல கொண்டு வந்து வாசல்ல வெச்சுட்டு வருவான், உங்களுக்கு முடிஞ்சதும் அடுத்தவங்களுக்கு குடுத்துடுங்க.