தொழில் பயிற்சிக்கு என்று பெண்கள் அமைப்புக்குப் போனவர்கள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

வெயில்மழை
சுயதொழில் வகுப்பு என்றுதான் சேர்ந்தேன். குடும்ப வன்முறைக்கும் அங்கேயே உதவி உண்டு என்பது போன பிறகுதான் தெரியும். அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பலருக்கும் இந்த மாதிரி இடங்கள் பழக்கம்தான்.

அடக்க விலை போடும் பாடம். மூலப்பொருள், மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் எழுதியாயிற்று. கடைசிக் கட்டம் "உங்கள் கூலி". என் பக்கத்தில் இருந்தவர் அதில் பூஜ்யம் போட்டார். வீட்டிலிருந்து செய்கிற வேலைக்குக் கூலி எதற்கு என்று பாதிப் பேர் நினைப்பதுதான், பயிற்சியாளரும் பொறுமையாக விளக்கினார். இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "லாபமே வராத மாதிரி ஒரு கணக்கு எழுதக் கத்துத் தர முடியுமா மேடம்? வீட்ல நோட்டைப் பார்ப்பாங்க."

வகுப்பே அடங்கிப்போனது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. "முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. கூலிக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது.

நூலிழை
நான் போனது அந்த இன்னொரு கதவு வழியாக, குடும்ப வன்முறைக்கு உதவி கேட்டு. அடி, காயம் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "இந்த நம்பருக்கு நாங்க கூப்பிடலாமா? வேற யாராவது எடுத்தா என்னன்னு சொல்லணும்?"

அழுதுவிட்டேன். என் போனை வேறொருவர் எடுப்பார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது! தொழில் வகுப்பு பற்றிப் பேசுகிறோம் என்று சொல்வதாக முடிவு செய்தோம். அதற்காகவே என்னை வகுப்பிலும் சேர்த்தார்கள். சும்மா ஒரு சாக்காகச் சேர்ந்த வகுப்புதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

கரைமேடு
எல்லோரும் புகழ்கிறீர்கள். என் தங்கை விஷயம் வேறு. தொழில் பயிற்சிக்கான விண்ணப்பத்தில், முகவரிக்கும் படிப்புக்கும் அடுத்து, "வீட்டில் யாரைக் கண்டாவது பயம் உண்டா?" என்று ஒரு வரி. அவள் நிரப்பும்போது அவள் கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தங்கமான மனிதர். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவள் படிவத்தை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். வியாபாரம் கற்க வருகிற பெண்ணிடம் எதற்கு இந்தக் கேள்வி? இரண்டையும் தனித்தனியாக நடத்தட்டும். ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் நல்ல குடும்பத்துப் பெண்களும் வராமல் போகிறார்கள்.

தாழ்வாரம்
கரைமேடு, "நல்ல குடும்பத்துப் பெண்கள்" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கு. அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலிருந்தும்தான் வருகிறார்கள்.

பிரித்து நடத்தச் சொல்வதும் சரியில்லை. பெண் கைக்குப் பணம் வந்ததும் வீடு அமைதியாகிவிடும் என்பது ஆசை. பல வீடுகளில் அப்போதுதான் பிடி இறுகும். கடன் இவள் பெயரில் இருக்கும், பணம் போகும் இடம் வேறாக இருக்கும். வங்கதேசத்தில் பெண்களுக்குக் கொடுத்த சிறுகடன்களை வைத்து ஆய்வாளர்கள் ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் 1996இல் எழுதியது இதைத்தான்: கடனில் கணிசமான பங்கு வீட்டு ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. மாறாக, தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ கிராமங்களில் சிறுகடனோடு ஆண் பெண் உறவு, எச்ஐவி பற்றிய பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தார்கள். முந்தைய ஓராண்டில் துணைவரிடம் வன்முறை கண்ட பெண்களின் விகிதம் 55 சதவீதம் குறைந்தது என்று 2006இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. ஒரே ஆய்வை வைத்து உலகத்தையே அளக்க முடியாது, தெரியும். ஆனாலும் இரண்டையும் பிரிக்கச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த அன்று, ஒரு கணவர் மேடையருகே வந்து மனைவியின் கையிலிருந்து அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். பத்திரப்படுத்தினாரோ, பறித்தாரோ! அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது.

மணற்கேணி
நான் ஒரே ஒரு நாள் ஒரு தோழிக்குத் துணையாகப் போயிருக்கிறேன். வாசலில் பெயர்ப்பலகையே இல்லை. முன்பின் தெரியாதவர் தேடி வரக் கூடாது என்று அப்படி. உள்ளே போகும்வரை என் கையை விடவே இல்லை அவள். அவ்வளவுதான்.

ஆனால் படிக்கிறவர்களில் யாருக்காவது பயன்படும் என்று சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். அடையாள அட்டை, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். மூலத்தை ஒரேயடியாகக் கிளப்பினால் கவனிக்கப்படும். வியாபாரக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும், குறுஞ்செய்தி எந்தப் போனுக்குப் போகிறது என்று பாருங்கள். ஜிமெயில் வேறு எந்தப் போனில் திறந்திருக்கிறது, வாட்ஸ்அப் வேறு எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள், ஆனால் உடனே எல்லாவற்றையும் துண்டித்துவிடாதீர்கள், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். முதலில் ஆலோசகரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒரு குறிச்சொல் பேசி வையுங்கள். முக்கியமாக, "போய்விடுவேன்" என்று கோபத்தில் சொல்லாதீர்கள். பிரிந்து போகும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் ஆபத்து அதிகம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் சம்பாத்தியத்தைப் பிடுங்குவதையும் செலவுக்குத் தராமல் வைப்பதையும் பொருளாதார வன்கொடுமை என்றே சொல்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையையும் தருகிறது. அடி விழுந்தால்தான் புகார் என்று காத்திருக்காதீர்கள்.

நூலிழை
கரைமேடு, உங்கள் தங்கை திரும்பி வந்தது வருத்தம்தான். பக்கத்தில் யாராவது இருக்கும்போது அந்தக் கேள்வியைக் காட்டவே கூடாது. தனியறையில், வாயால் கேட்க வேண்டியது அது. என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். ஆம் என்று சொல்லும் பெண்ணுக்கும் அந்தப் படிவம் ஆபத்துதானே, கணவர் எட்டிப் பார்த்தால்?

வெயில்மழை, அந்த அம்மா கேட்டதற்கு எங்கள் அமைப்பில் ஒரு வழி இருந்தது. பொய்க்கணக்கு சொல்லித் தர மாட்டார்கள், நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அது அவள் கழுத்துக்கே சுருக்கு. உண்மைக் கணக்கு நோட்டை அலுவலகப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை போய் எழுதிவிட்டு வருவோம். நானும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் எழுதினேன்.

கரைமேடு
தனியறையில் கேட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிவத்தில் இருந்தது தப்பு, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆபத்தில் இருப்பவளுக்கும் அது ஆபத்து என்று நூலிழை சொன்னது எனக்குத் தோன்றாத கோணம். தங்கையிடம் இதைக் காட்டினேன். அடுத்த பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று கேட்கச் சொல்கிறாள். இந்த முறை தனியாகப் போகிறாளாம்.