பழைய ஐ5-4590: புது பேஸ்ட் போட்டும் 97 டிகிரி, ஃபேன் இரைச்சல். கூலர் மாற்றணுமா?

கேள்வி

வணக்கம். ஐ5-4590 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸரோடு பெட்டியில் வந்த கூலர்தான் இன்னும் ஓடுகிறது. கேபினெட்டில் பின்பக்கம் ஒரு 80 மிமீ ஃபேன் மட்டும். முன்னால் ஃபேன் மாட்ட இடம் இருக்கிறது, ஆனால் மாட்டவில்லை. கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் பலகை அடைத்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

அறை வெப்பம் 33 டிகிரி. வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் ப்ராசஸர் சும்மா இருக்கும்போது 52, குரோமில் நிறைய டேப் திறந்தால் 68–70. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டினால் ஐந்தே நொடியில் 97. அப்புறம் 100-ஐத் தொட்டு, கிளாக் 3.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.9-க்கு இறங்கிவிடுகிறது. சிபியு ஃபேன் 2,600 ஆர்பிஎம்மில் கத்துகிறது. இது போக, காலையில் ஆன் செய்ததும் எங்கிருந்தோ கரகரவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

போன மாதம் கடையில் தூசி தட்டி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே புது தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. டாலி, எக்செல், அவ்வப்போது வீடியோ எடிட்டிங், இதுதான் வேலை. 2,000 ரூபாய்க்குள் கூலர் வாங்கினால் சரியாகுமா, இல்லை மெஷினையே மாற்றணுமா?

பதில் 1

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் முக்கியமானது "ஐந்தே நொடியில் 97" என்பதுதான்.

தூசி அல்லது கேபினெட் சூடு காரணம் என்றால் வெப்பம் மெதுவாக, ஐந்து பத்து நிமிடத்தில் படிப்படியாக ஏறும். ஹீட்சிங்க் (கூலரின் உலோகப் பகுதி) முழுக்கச் சூடேற அவ்வளவு நேரம் ஆகும். லோட் (கனமான வேலை) கொடுத்ததும் உச்சத்துக்குத் தாவினால், சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால், 97 காட்டும்போது ஹீட்சிங்கின் ஓரத்தை விரலால் தொடுங்கள், இறக்கையில் படாமல். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கூலர் சிப்போடு சரியாக ஒட்டவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். 4590 ஹாஸ்வெல் தலைமுறை. மேலே தெரியும் உலோக மூடிக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் ஈயப் பற்று இல்லை, அங்கேயும் பேஸ்ட்தான். அதனால் நல்ல கூலர் போட்டாலும் லோட் வந்ததும் 20 டிகிரி சட்டென்று ஏறுவது இயல்பு. 45 டிகிரி ஏறுவது இயல்பு இல்லை.

பேஸ்ட் மாற்ற கூலரைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது கூலரைப் போர்டில் பூட்டும் நான்கு புஷ்பின்னில் ஒன்றோ இரண்டோ முழுசாகப் பூட்டாமல் இருப்பது மிகச் சாதாரணம். மேலிருந்து பார்த்தால் நான்கும் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். செய்ய வேண்டியது:

மெஷினை ஐந்து நிமிடம் ஓட்டி பேஸ்ட் இளகியதும் ஆஃப் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடியுங்கள். போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இது கூடுதல் வேலைதான், ஆனால் போர்டின் அடிப்பக்கம் தெரியாமல் புஷ்பின் மாட்டுவது குருட்டு வேலை. பின் தலைகளை அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். கூலரை நேராகப் பிடுங்காமல் லேசாக முறுக்கி எடுங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சாக்கெட் லீவரைத் திறக்கவே வேண்டாம், உள்ளே ஒரு பின் வளைந்தாலும் போர்டு போச்சு. புது பேஸ்ட் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு போதும், விரலால் தேய்க்காதீர்கள். அழுத்தம் கொடுத்தால் தானே பரவும்.

பின் தலைகளை எதிர்ப்பக்கம் திருப்பி, கறுப்புப் பின்னை மேலே இழுத்த நிலையில் வையுங்கள். வெள்ளைக் கால்கள் நான்கும் துளைக்குள் நேராக இறங்கியதா என்று பார்த்த பிறகு, குறுக்காக இரண்டிரண்டாக அழுத்துங்கள். நான்கும் 'டிக்' என்று கேட்க வேண்டும். போர்டைத் திருப்பினால் ஒவ்வொரு துளையிலும் பிளந்த வெள்ளைக் காலின் நடுவே கறுப்பு முனை தெரிய வேண்டும். தெரியாத இடம்தான் கோளாறு. வெள்ளைக் கால் மடங்கியோ உடைந்தோ இருந்தால் பின் மட்டும் தனியாகக் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ தேடுங்கள்.

அப்புறம், பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஹாஸ்வெல்லில் அது ஏவிஎக்ஸ்2 என்ற கனமான கணக்குக் கட்டளைகளை ஓட்டி, எந்த நிஜ வேலையும் தராத சூட்டைத் தரும். ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் 15 நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அதுதான் உங்களுக்கான அளவுகோல்.

பதில் 2

மேலே சொன்னதை முதல்ல முடிச்சிடுங்க. சத்தத்தைப் பத்தி நான் சொல்றேன்.

உங்க மெஷின்ல ரெண்டு தனித்தனி சத்தம் இருக்கு. 2,600 ஆர்பிஎம் இரைச்சல் சூட்டோட விளைவு, சூடு குறைஞ்சா அதுவும் குறையும். வேகம் பாதியானா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 1,800-க்கு இறங்கினாலே 8 டெசிபெல் போயிடும், காதுக்கு நல்லாவே வித்தியாசம் தெரியும்.

காலைல வர்ற கரகர சத்தம் வேற. அது ஸ்லீவ் பேரிங்ல எண்ணெய் வத்திப்போன ஃபேன். சூடேறினதும் மிச்சமிருக்கிற எண்ணெய் இளகி சத்தம் அடங்குது. எந்த ஃபேன்னு கண்டுபிடிக்க, ஆன் பண்ணினதும் சைடு பேனலைத் திறந்து ஒவ்வொரு ஃபேனோட நடு வட்டத்தையும் ஐஸ்க்ரீம் குச்சியால ரெண்டு நொடி லேசா அழுத்தி நிறுத்துங்க. எதை நிறுத்தினா சத்தம் நிக்குதோ அதுதான். எதுலயும் நிக்கலைன்னா எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஃபேன். கரகரன்னு இல்லாம ஒரே சீரா 'ம்ம்ம்'னு கேட்டா ஹார்ட் டிஸ்க். 7,200 ஆர்பிஎம் டிஸ்க்னா 120 ஹெர்ட்ஸ், கேபினெட் தகடு அதை வாங்கிப் பெருசாக்கும். ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போட்டா அடங்கிடும்.

80 மிமீ ஃபேன்தான்னா நடு ஸ்டிக்கரைப் பாதி உரிச்சு ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கெட்டியாகி இன்னும் மோசமாகும். டபிள்யூடி-40-யும் கூடாது, அது இருக்கிற எண்ணெயையும் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும். ஆனா ஆயில் போட்ட ஃபேன் சில மாசம்தான். புதுசு வாங்கி வெச்சிடுங்க.

வாங்கும்போது வயரைப் பாருங்க. 4 பின் ஃபேனை நாலாவது பின்ல வர்ற, வேகத்தைச் சொல்ற பிடபிள்யூஎம் சிக்னல் மூலமா போர்டு கட்டுப்படுத்தும். 3 பின் ஃபேனை வோல்டேஜ் குறைச்சுத்தான் கட்டுப்படுத்த முடியும். பிடபிள்யூஎம் மட்டும் தெரிஞ்ச ஹெடர்ல (போர்டுல ஃபேன் வயர் செருகற இடம்) 3 பின் செருகினா எப்பவும் முழு வேகம்தான். "பயாஸ்ல சைலன்ட் போட்டும் கத்துது"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

பதில் 3

டேபிள் தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கூலர் சரியான பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். 15 நிமிடம் லோட் கொடுத்து வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினெட்டை வெளியே இழுத்து, சைடு பேனலைக் கழற்றி அதே வேலையைக் கொடுங்கள். 3 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் காற்றோட்டம் போதும். 8, 10 டிகிரி குறைந்தால், வெளியேறிய சூடான காற்றையே மெஷின் திரும்ப இழுக்கிறது. பின்பலகையை எடுத்துவிடுங்கள், அல்லது சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

முன்னால் ஒரு 120 மிமீ ஃபேன், 1,000 ஆர்பிஎம் அளவில், காற்றை உள்ளே இழுக்கும்படி மாட்டுங்கள். அளவு தெரியவில்லை என்றால் ஸ்க்ரூ துளைகளின் மையத்திலிருந்து மையம் அளங்கள்: 71.5 மிமீ என்றால் 80 ஃபேன், 82.5 என்றால் 92, 105 என்றால் 120. முன்ஃபேனுக்குக் கொசுவலைத் துணி கட்டுவார்கள். தூசியைத் தடுக்கும்தான், ஆனால் மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் காற்றையும் தடுக்கும்.

அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். மே மாதம் 38 டிகிரியில் 80 காட்டுவதும், டிசம்பரில் 26-இல் 68 காட்டுவதும் ஒன்றேதான்.

கேள்வி கேட்டவர்

போர்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ராம் பக்கத்து பின் ஒன்றில் கறுப்பு முனை வெளியே வரவே இல்லை, வெள்ளைக் கால் உள்ளேயே மடங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தி மாட்டியதில் வீடியோ எக்ஸ்போர்ட்டில் 74, ஃபேன் 1,850. சும்மா இருக்கும்போது 43. சைடு பேனலைத் திறந்தால் 74 என்பது 67 ஆகிறது, முன்ஃபேனுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். கரகர சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து. அதைத் திறந்து ஆயில் விடலாமா?

பதில் 1

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தெரிந்த டெக்னீஷியன் ஃபேனை மட்டும் மாற்றித் தருவார். ஆனால் அது மெஷினோடு வந்த பழைய யூனிட் என்றால், உள்ளே கபாசிட்டர்களும் அதே வயதுதான். உங்கள் 2,000 ரூபாயைக் கூலருக்கு வைக்காமல் நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வையுங்கள். அதுவரை ஃபேன் சுற்றுகிறதா என்று தினமும் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள். சுற்றாவிட்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மடங்கி நிமிர்த்திய வெள்ளைக் கால் ரொம்ப நாள் தாங்காது, ஒரு செட் பின் வாங்கி மாற்றிவிடுங்கள். பின்னாளில் பெரிய கூலர் வாங்கினால் உங்கள் போர்டின் 1150 சாக்கெட்டுக்குத் துளை இடைவெளி 75 மிமீ. 1151, 1155, 1156, 1200 எல்லாவற்றுக்கும் அதேதான். 1700-க்கு மட்டும் என்று விற்கும் கூலர் 78 மிமீ, உட்காராது. 160 மிமீ உயர டவர் கூலர் உங்கள் கேபினெட் அகலத்தில் அடங்குமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

கோடையில் இன்னும் அமைதி வேண்டும் என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். டர்போ (லோட் வரும்போது தானாகக் கூடும் வேகம்) நின்று 3.3 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடும். டாலிக்கு அது தெரியவே தெரியாது, எக்ஸ்போர்ட் மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.