ஹெட்லைட்டைப் பிரிச்சு மறுபடி ஒட்டினவங்க அனுபவம் சொல்லுங்க (உப்புக்காத்து ஊர்க்காரங்க முக்கியமா)

என் கதையை முதல்ல சொல்லிடுறேன். 2023 கார்த்திகை. பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்த நேரம், பல ரயில் மண்டபத்தோட நின்னுரும். அங்கயிருந்து ராமேஸ்வரத்துக்கு ஆள் ஏத்துறதுதான் எனக்கு ராத்திரிப் பொழப்பு. வெளிச்சம் பத்தலைன்னு வெளியூர்க் கடையில குடுத்து ரெண்டு லைட்டையும் பிரிச்சு உள்ள புரொஜெக்டர் (வெளிச்சத்தைக் குவிச்சு அடிக்கிற லென்ஸ்) வச்சேன். காலையில விட்டு மத்தியானம் எடுத்தாச்சு. வாங்கும்போதே லைட்டுப் பக்கம் வினிகர் வாடை. புதுச் சாமான் வாடைன்னு நெனச்சுக்கிட்டேன்.

மூணாவது வாரம் நல்ல மழை. ரோட்டுப் பாலத்து மேல போறப்ப முன்னாடி உக்காந்திருந்த வடக்கத்திப் பெரியவர் ஏதோ கையைக் காட்டிச் சொல்றார், எனக்குப் புரியல. இறங்கிப் பாத்தா இடது லைட்டுக்குள்ள அரை இஞ்சுக்குத் தண்ணி. பிரேக் போட்டா முன்னுக்கு ஆடுது, எடுத்தா பின்னுக்கு ஆடுது. மீன் விடாத குறைதான்.

அடுத்து நான் பண்ணினதுதான் பெரிய முட்டாள்தனம். அடியில ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிரும்னு ஸ்டாண்டுல ஒருத்தர் சொன்னார், போட்டேன். வடிஞ்சுச்சு. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு நாலு நடை போயிட்டு வந்ததுக்கு அப்புறம் அந்த ஓட்டை வழியா உப்பும் பொடி மணலும் உள்ள போயி, ரிப்ளெக்டர்ல தேமல் விழுந்த மாதிரி ஆயிருச்சு. அந்த வெள்ளிப் பூச்சு மெல்லிசான அலுமினியம். கைரேகை பட்டாலே போகாது, உப்புக்கு எங்க தாங்கும்?

சரி, நாமளே பிரிப்போம்னு இறங்கினேன். கம்பெனியில ஒட்டி வர்ற பசை என் வண்டியில ப்யூட்டில். கருப்பா, சவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும், சூடு காட்டினா இளகிரும். ஆனா கடைக்காரர் அதைச் சுரண்டாம அது மேலயே சிலிக்கான் பிதுக்கி விட்டிருந்தார். சிலிக்கான் எவ்வளவு சூடு காட்டினாலும் இளகாது. கத்தி விட்டு அறுத்ததுல கொக்கி ஒண்ணு உடைஞ்சுச்சு. பிரிச்சுப் பாத்தா வேடிக்கை: முன்னாடி கண்ணாடிப் பக்கம் கெட்டியாப் புடிச்சிருக்கு, பின்னாடி கருப்பு டப்பாப் பக்கம் வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வருது. டப்பா முதுகுல ‘பிபி’ன்னு அச்சு இருந்துச்சு, பாலிப்ரொப்பிலீன். அதுல சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. அந்த வினிகர் வாடை சிலிக்கான் காயும்போது வர்ற அசிட்டிக் அமிலம். உள்ள அடைபட்டா ரிப்ளெக்டரையும் மங்க வைக்கும்.

எங்க பெரியப்பா பாம்பன்ல வள்ளத்துக்குக் கலப்பத்து அடிச்சவரு, அதாவது தண்ணி வராம பலகைச் சந்துல பஞ்சு திணிச்சு அடைக்கிறவரு. திண்ணையில உக்காந்து நான் நோண்டுறதப் பாத்துக்கிட்டே இருந்தவரு கேட்டார்: “பழைய பஞ்சை எடுக்காமயாடா மேல அடிச்சிருக்கான்? அவன் வள்ளத்துல நீ ஏறுவியா?” அதுக்கப்புறம் என்னை எந்திரிக்கவே விடல. ரெண்டு சாயங்காலம் கண்ணாடி விளிம்பு உக்கார்ற அந்தக் காடி (பள்ளம்) முழுக்க ஐஸ் குச்சியால சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சு, விரலை விட்டுத் தடவிப் பாத்து, அவரு ‘ம்’ சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

ப்யூட்டில் கயிறு சுருளா ஆன்லைன்ல கிடைக்கும். காடி முழுக்க ஒரே துண்டா, இழுக்காம படுக்க வச்சேன். இழுத்தா மெலிஞ்சிரும், முனை சேர்ற இடம் கீழ்ப்பக்கம் வரக்கூடாது. வீட்டுல ஓவன் கிடையாது. பெரிய அட்டைப் பெட்டிக்குள்ள லைட்டை வச்சு ஓட்டை வழியா ஹீட் கன் விட்டேன், நேரா லைட்டு மேல படாம. 100 டிகிரிக்குப் பக்கத்துல பத்து நிமிஷம். 150ஐத் தொட்டா பிளாஸ்டிக்கே நெளிய ஆரம்பிச்சிரும், அதனால பேக்கரி அடுப்புல குடுத்து வாங்கலாம்னு யாரும் யோசிக்காதீங்க. (நான் யோசிச்சேன்.) வெளிய எடுத்து அமுக்கி, சுத்தி துணி கிளிப்பு மாட்டி, திரும்பப் பெட்டிக்குள்ள வச்சு இன்னொரு தடவை சூடாக்கி, திரும்ப அமுக்கி, அப்புறம்தான் ஸ்க்ரூ. ரெண்டாவது அமுக்குல பசை ஓரத்துல லேசாப் பிதுங்கி வந்தாத்தான் எனக்குத் திருப்தி.

சோதனைக்கு, லைட்டுக்குள்ள காத்து போய்வர வச்சிருக்கிற மூச்சுக் குழாய் ஒண்ணைத் தவிர மத்ததை விரலால அடைச்சுட்டு வாயால ஊதினேன், மக சோப்புத் தண்ணியை விளிம்பு பூராத் தடவுச்சு. ஒரு மூலையில நுரை கிளம்புச்சு. அந்த இடத்தை மட்டும் திரும்பச் சூடாக்கி அமுக்கினேன்.

உங்க கதையைச் சொல்லுங்க.

தங்கச்சிமடத்துல இருந்து:
அண்ணே, நான் ஸ்பிரிட்டுக்குப் பதிலா பெட்ரோல் போட்டுத் துடைச்சேன். அன்னைக்கு ஒண்ணும் தெரியல. ஒரு வாரத்துல விளிம்பு ஓரமா சிலந்தி வலை மாதிரி கீறல். அது கண்ணாடி இல்லையாம், பாலிகார்பனேட்டாம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிறது எதுவுமே ஆகாதாம். இதைச் சொன்னவரு நான் போட்டதுக்கப்புறம் சொன்னாரு.

கீழக்கரையில இருந்து:
காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரியே பெட்டி, ஹீட் கன் எல்லாம் பண்ணினேன். அரை மணி நேரம் ஆகியும் அசையல. நெம்பினேன், முன்கண்ணாடி ரெண்டாப் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, சில வண்டிக்கு ப்யூட்டில் இல்ல, யூரித்தேன் மாதிரி ஒரு பசை, ஒரு தடவை இறுகினா சூட்டுக்கு இளகாது. ஓரத்துல ஊசி குத்திப் பாருங்க. நூல் மாதிரி இழுபட்டா பிரிக்கலாம். ரப்பர் மாதிரி திருப்பித் தள்ளினா வண்டியை அப்படியே விட்டுருங்க.

இன்னொரு சந்தேகம். விடியக்காலையில லேசா ஆவி படிஞ்சிருக்கு. லீக்கா?

தொண்டியில இருந்து:
மூச்சுக் குழாயைப் பாத்துட்டு, இது வழியாத்தான் தண்ணி போகுதுன்னு சிலிக்கான் வச்சு அடைச்சவன் நான். அதுக்கப்புறம்தான் நெசமாவே தண்ணி போக ஆரம்பிச்சுச்சு.

முதல்ல எழுதினவன்:
கீழக்கரைத் தம்பிக்கு: லைட்டைப் போட்டு கால் மணி, இருபது நிமிஷத்துல ஆவி கலைஞ்சா விட்டுரலாம். நம்ம ஊருல வாடைக்காத்து ஆரம்பிச்சா புது வண்டியிலயே அப்படி வரும். சொட்டாத் திரண்டு வழிஞ்சா அது லீக்.

தொண்டிக்காரருக்கு நடந்ததுதான் நெறையப் பேருக்குப் புரியாத விஷயம். லைட்டு எரியும்போது உள்ள காத்து விரியும், குழாய் வழியா வெளிய போகும். சூடா இருக்கிறது மேல மழை விழுந்தா சட்டுனு குளுந்து காத்தை உள்ள இழுக்கும். குழாயை அடைச்சுட்டா விளிம்புல எங்க சின்னச் சந்து இருக்கோ அங்கயிருந்து இழுக்கும், தண்ணியோட சேத்து.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மாட்டி முடிச்சதும் சாயங்காலமே செவுத்துக்கு நேரா நிறுத்தி வெளிச்சத்தோட உயரத்தைச் சரி பண்ணிருங்க. நான் பண்ணல, பாலத்து மேல எதிர்ல வந்த மீன் லாரிக்காரர் நிறுத்திக் கேட்டுட்டுத்தான் போனார்.

இடது லைட்டு இந்த மழைக்கும் காஞ்சு கிடக்கு, போட்ட ஓட்டையையும் அடைச்சாச்சு, தேமல் மட்டும் அப்படியே இருக்கு. வலதுல இன்னும் கடைக்காரர் வச்ச சிலிக்கான்தான். பெரியப்பா தினமும் ஒரு தடவை அதைப் பாத்துட்டு என்னையப் பாக்குறார்.