கதையில் படித்ததை ரங்கூனில் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கிழக்கு ரங்கூன்:
சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பேர்தான், அரசாங்க உத்தரவு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1987 செப்டம்பரில் பர்மாவில் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்றார்களே, மாற்றிக்கொள்ளவும் வழியில்லாமல்! அப்பா மளிகைக் கடைப் பெட்டியைக் கவிழ்த்துச் செல்லுவது ஒரு பக்கம், செல்லாதது ஒரு பக்கமாகப் பிரித்தார். செல்லுவது ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. அப்புறம் 45, 90 என்று புது நோட்டு. இரண்டும் ஒன்பதால் வகுபடும். நாட்டை ஆண்ட தலைவர் நே வினுக்கு ஒன்பது ராசியாம், ஊரே பேசியது. சில்லறை கொடுக்கத் தடுமாறி, தராசுக்குப் பின்னால் 45-ஆம் வாய்ப்பாட்டை எழுதி ஒட்டிவைத்தார் அப்பா.

மௌல்மீன் பேத்தி:
இரண்டெழுத்துப் பேர் பரவாயில்லை. எனக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில், பெண்கள் பேருக்கு முன்னால் வரும் ‘மா’ போட்ட பர்மியப் பேர். 1982 குடியுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு முழுக் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அட்டை, அப்பாவுக்கு விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்களுக்கான பச்சை. பஸ் டிக்கெட் வாங்கும்போது அப்பா அட்டையைக் கைக்குள் மூடியேதான் நீட்டுவார்.

பழைய பஸ் பயணி:
தம்பி, சுஜாதா கதையில் இருந்தது கம்ப்யூட்டர். உங்கள் 45, 90-இல் இருந்தது ஜோசியம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். 1970-இல் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கம் ஓட்டச் சொன்னார்கள். பஸ் கதவு மட்டும் இடப்பக்கமே இருந்தது. நடுரோட்டில் குதித்தோம், எதிரே லாரி. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளுக்கு இந்த ஒன்பதை ராசி என்று சொல்லித்தராதீர்கள், கணக்காகச் சொல்லுங்கள். 45 கியாட் நோட்டு ஏழு சேர்ந்தால் 315. மூன்று, ஒன்று, ஐந்தைக் கூட்டினால் ஒன்பது. மாயமில்லை. 100 என்பது 99-உம் ஒன்றும், 10 என்பது 9-உம் ஒன்றும். ஒன்பதால் வகுபடுவதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது அந்த இலக்கங்களின் கூட்டல்தான். பத்துப் பத்தாக எண்ணுவதால் 9-க்கு இந்த மவுசு. எட்டு எட்டாக எண்ணிப் பழகியிருந்தால் 7-க்குப் போயிருக்கும், நோட்டும் அதற்கேற்ப அடித்திருப்பார்கள். பிள்ளைகளைக் கதைப் புத்தகத்தோடு விடாமல் எண் கணிதமும் படிக்க வையுங்கள். தினமும் அரை மணி போதும்.

கிழக்கு ரங்கூன்:
அண்ணே, பாடம் இருக்கட்டும். அந்த பஸ் கதவை அப்புறம் மாற்றினார்களா இல்லையா?